காலரில் நாலு விரல் தையல்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலமா என்று கேட்காதே. முழங்கால் வலி மிகவும் நலமாக இருக்கிறது, நான் அதற்குத் துணையாக இருக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போன முறை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபோது உன் கழுத்தெலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. நான் மூன்று கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய். உள்ளே அப்படி என்னடா தலைபோகிற வேலை?

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் முதல் வாரம் நம் மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது. புதிய வக்கீலம்மா கெட்டிக்காரி. பழைய வக்கீல் கண்ணில் ஆறு வருஷமாகப் படாததை ஆறே நாளில் கண்டுபிடித்துவிட்டார். கோர்ட்டில் இருக்கும் உன் நீலச் சட்டையைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். காலருக்கு அடியில் நாலு விரல் அகலத்துக்கு, வேறு நூலில், கைத்தையல். "இது யாரும்மா போட்டது?" என்றார். "நான்தான்" என்றேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் நீ சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு நீயாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாய். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மகன், நம் பெரியண்ணன், படிக்கட்டில் செத்துக் கிடக்கிறார், அண்ணி அலறுகிறார், தெருவே வாசலில் நிற்கிறது. நான் என்ன செய்தேன்? சட்டையைத் துவைத்தேன். கிழிந்திருந்த காலரைத் தைத்தேன். கிழிசலைக் கண்டால் என் கை என்னைக் கேட்பதில்லை. மூன்றாம் நாள் போலீஸ் வந்தபோது, பாவி நான், தேய்த்து மடித்து எடுத்துக் கொடுத்தேன்!

பெரியண்ணன் உன் காலரைப் பிடித்துத் தூக்கினார், கைகலப்பில் உன் கையிலிருந்த குழாய் ரெஞ்சு அவர் தலையில் பட்டுவிட்டது என்று நீ சொன்னதை நீதிபதி நம்பவில்லை. சட்டையில் கிழிசலே இல்லையே என்று எழுதிவிட்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். துவைத்ததற்கு என்னையும் உள்ளே போடுவார்கள் என்று பழைய வக்கீல் பயமுறுத்தினார், மூடிக்கொண்டேன். உன்னை உள்ளே தள்ளியது என் ஊசிதான் தம்பி. தினமும் சாப்பிட உட்காரும்போது அதுதான் நினைவுக்கு வருகிறது.

அன்று காலர் கிழிந்திருந்தது, நான்தான் தைத்தேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், திடீரென்று மூண்ட சண்டை என்று ஆகும், இருந்த ஆறு வருஷமே போதும் என்று விட்டுவிடுவார்கள் என்கிறார் வக்கீலம்மா. மாதக் கடைசி வியாழக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன்.

உனக்கு வெள்ளைத் துணியில் சட்டை வெட்டிவிட்டேன். வெளியே வரும்போது அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பைவிட ஒரு இஞ்ச் குறைத்திருக்கிறேன், வந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு அதை நீயே இறுக்கமாக்கு.

உன் அன்பு அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

தலைபோகிற வேலை என்ன என்று கேட்டாயே, சிரிக்காதே. என்னைத் தையல் பிரிவில் போட்டுவிட்டார்கள். "ஐயா, நான் பிளம்பர்" என்றேன். "குழாயெல்லாம் நல்லாத்தான் ஓடுது, போய் உக்காந்து தை" என்றார் வார்டர். நான் போடும் காஜாவில் ஒன்றில் பட்டனே நுழையாது, அடுத்ததில் என் கட்டைவிரல் நுழையும். நீ பார்த்தால் காதைத் திருகிவிடுவாய். அம்மா அப்பா போன பிறகு எனக்கு எப்படியாவது தையல் கற்றுக்கொடுக்க நீ பட்ட பாடு! அப்போது ஓடி ஒளிந்தவன் இப்போது ஓட வழியில்லாமல் கற்றுக்கொள்கிறேன்.

ஊசி ஊசி என்று எழுதாதே அக்கா. உன் மேல் தப்பில்லை. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுவதானால் போடு. ஆனால் அந்தச் சட்டையைப் போய்ப் பார்க்காதே. பார்த்தால் மனசு கெட்டுப்போகும். வக்கீலம்மாவே எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும்.

அண்ணி எப்படி இருக்கிறார்? இப்போதாவது உன்னிடம் பேசுகிறாரா? வெள்ளைச் சட்டை எதற்கு, அழுக்குத் தெரியாத நிறத்தில் தைத்திருக்கலாமே.

உன் தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி பேசவில்லை. பெரியண்ணன் கடைசியாக நம் அம்மாவைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார் என்று நீ கோர்ட்டில் சொன்ன நாளோடு நின்றதுதான். குப்பை கொட்ட வரும்போது எதிரே பார்த்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன படிக்கட்டால் வந்தது. வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். படிக்கட்டு பெரியப்பா பக்கம் போயிற்று, மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி நம் பக்கம் வந்தது. அவர்கள் வழியை அடைக்க, நாம் தண்ணீரை அடைக்க, பதினோரு வருஷம் இரண்டு வீட்டிலும் யாரும் நிம்மதியாகக் குளிக்கவில்லை.

வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கூப்பிட்டு, அதே சட்டைதானா என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். நீ பார்க்காதே என்று சொல்லியும் பார்த்தேன். பழுப்புக் காகித உறைக்குள் இருந்தது. என் தையல் அப்படியே இருக்கிறது, ஒரு நூல் விலகவில்லை. குமாஸ்தா டீ குடிக்கப் போன நேரத்தில் காலரைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அன்று அதைத் தைத்தபோது கண் நிறையத் தண்ணீர், நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

இனி எழுதுவது தையல் கடைப் பேச்சு. இதைப் பிரித்துப் படிக்கும் சிறை ஐயாவுக்கு அலுப்பாக இருக்கும், நீதான் இப்போது தையல்காரன் ஆயிற்றே, உனக்குப் புரியும். காலரைப் பிடித்து ஒருவர் இழுத்தால் முதலில் பட்டன் பக்கம்தான் போகும். துணி கோணல்மாணலாகக் கிழியும். பழைய தையல் ஒரு இடத்தில் நீளமாகவும் ஒரு இடத்தில் குட்டையாகவும் அறுந்து தொங்கும். நான் பார்த்த காலரில் பட்டன் பக்கம் ஒன்றுமே ஆகவில்லை. பின்கழுத்துப் பக்கம் பழைய நூல் ஒவ்வொன்றும் ஒரே அளவில் நறுக்கென்று முடிந்திருக்கிறது. என்னிடம் பழைய துணி வந்தால் நான் பிளேடு வைத்து அப்படித்தான் பிரிப்பேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்.

அக்கா


மார்ச் 18

தம்பி,

இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. மனு கொடுத்துப் பார்க்க வந்தால், உடம்பு சரியில்லை, பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாய். பஸ் பிடித்து நாலு மணி நேரம் வந்தவள் நான்.

அங்கே தைக்கிற ஊசியில் விரலைக் குத்திக்கொண்டாயோ என்னவோ என்றுகூட யோசித்தேன். பைத்தியம் மாதிரி என்னவெல்லாமோ யோசிக்கிறேன். ஒரு வரி எழுதுடா.

அக்கா


மார்ச் 23

அக்கா,

இதை விடுதலையாகிப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே யாரும் படிக்கவில்லை.

நான்தான் பிரித்தேன். அண்ணன் என் காலரைத் தொடவே இல்லை.

அன்று தொட்டி வால்வைப் பார்க்க மாடிக்குப் போக வேண்டும் என்று ரெஞ்சோடு அவர்கள் பக்கம் போனேன். அவர் வேலை விட்டு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். வழி விடு என்றேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "இன்னிக்கு முடியலடா, ரொம்ப அசதியா இருக்கு. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த நேரத்தில் அது எனக்குத் திமிராகக் கேட்டது, ரெஞ்சை ஓங்கிவிட்டேன். இங்கே படுத்துக்கொண்டு நினைக்கும்போது அசதியாகத்தான் கேட்கிறது.

அப்புறம் நம் குளியலறையில் நின்று, குழாய் டேப் வெட்டும் பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்து, காலரைக் கையால் விலக்கினேன். போலீஸ் கண்ணில் படட்டும் என்றுதான் நாற்காலியில் போட்டேன். நீ தைத்துவிட்டாய். முதல் வருஷம் முழுக்க உன் மேல் கோபமாக இருந்தேன் அக்கா, உன் மேல்! பிறகு நீ ஒவ்வொரு தடவையும் வந்து, என் ஊசிதான் உன்னைக் கெடுத்தது என்று அழுதாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆறு வருஷம் அழ விட்டேன். அதற்கு எனக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை.

வெளியே வர ஆசையில்லை என்று எழுத மாட்டேன். தினமும் ஆசை. நீ எழுதிக் கொடுத்ததில் பொய்யும் இல்லை, காலர் கிழிந்திருந்தது, நீ தைத்தாய். நீ பேசாமல் இருந்தாலும் அந்தப் பாவம் என்னுடையது. வேறு ஏதாவது செய்தாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

இதை அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் தபாலில் போடுகிறேன்.

உன் கடிதம் மூன்று நாள் பாபின் டப்பாவுக்குள் கிடந்தது. கிழித்துப்போடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். எனக்கு இருப்பது நீ ஒருவன். நீ வந்தால் எந்த அறையில் படுப்பாய், காலையில் யார் முதலில் குளிப்பது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். நாலாம் நாள் வக்கீலம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எங்கிட்ட காட்டாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றார். நான் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "அப்புறம் அவர் வெளிய வர்றது கஷ்டம். தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார். தெரியும் என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணி கதவைத் தட்டினேன். திறந்து, "என்ன?" என்றார்.

"அண்ணன் கடைசியா என்ன சொன்னாருன்னு சொல்ல வந்தேன் அண்ணி."

"அதான் கோர்ட்டுல ஊர் கேக்கச் சொல்லியாச்சே."

"அது பொய் அண்ணி. 'ரொம்ப அசதியா இருக்கு, நாளைக்குப் பேசிக்கலாம்'னு சொன்னாரு. படியில உக்காந்து ஷூ கழட்டிட்டு இருந்தாராம்."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு ஷூதான் கால்ல இருந்துச்சு" என்றார். "இன்னொண்ணு லேஸ் அவுத்து ஓரமா வச்சிருந்துச்சு. சண்டைக்கு எந்திரிச்ச மனுஷன் எதுக்கு ஒரு ஷூவை மட்டும் கழட்டி வைப்பாருன்னு ஆறு வருஷமா கேட்டேன். யாருமே காதுல வாங்கல." பிறகு, "எங்கிட்டயும் தினம் அதேதான் சொல்வாரு, நாளைக்குப் பேசிக்கலாம்னு" என்று சிரித்தார். சிரிக்கச் சிரிக்கவே அழுதார். என்னை உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் கதவையும் சாத்தவில்லை.

உன் மேல் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. பாசமும் இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று தெரியவில்லை. பார்க்க வருவேன். இந்த மாதம் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. எப்போது என்று கேட்டு எழுதாதே.

உன் வெள்ளைச் சட்டைக்குக் காலர் மட்டும்தான் பாக்கி. இரண்டு தடவை மெஷினில் உட்கார்ந்து பார்த்தேன். என்னைக் கேட்காமல் ஓடும் இந்தக் கை, இதற்கு மட்டும் ஓடவில்லை. காலர் இல்லாமலே மடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா