பாப்பா யாரைப் பார்த்துச் சிரித்தாள்

மஞ்சுவின் நைனாவுக்கு ரோஹிணி வணக்கத்தோடு எழுதுவது. நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். தறியில் நின்று நின்று வந்த முதுகு வலி குறைந்ததா? அத்தைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மஞ்சுவும் திவ்யாவும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? திருமலை விடுதியில் கூட்டும் வேலை எனக்குப் பழகிவிட்டது. பாப்பாவையும் கூடவே தூக்கிப் போகிறேன்.

அவளுக்கு நாலு மாதம் முடிந்தது. நேற்று மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பக்தர் ஒருவர் எங்கள் பக்கம் திரும்பி, சந்தனம் பூசிய மொட்டைத் தலையைச் சீட்டுக்குப் பின்னால் குனிந்து மறைத்து, சட்டென்று நிமிர்ந்தார். பாப்பா கலகலவென்று சிரித்துவிட்டாள். சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“இந்த வயசுலதாம்மா சிரிக்க ஆரம்பிக்கும். மூஞ்சிய கிட்ட காட்டி பேசிக்கினே இருக்கணும். இவ நைனா வெளயாட்டு காட்டறதில்லயா?” என்று கேட்டார்.

“அவரு துபாய்ல கீறாரு” என்றேன். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், நம் நகரி ஊரில்தான் இருக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

வேலை செய்யும் இடத்தில் தூளி கட்ட உங்கள் பழைய வேட்டி ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரி. “மூணாவதும் பொண்ணா” என்று ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போனீர்களே, அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. உங்கள் முகத்தைக் காட்டினாலும் சிரிப்பாள்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

ரோஹிணி