சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த படம்

அன்புள்ள கண்ணுக்குக் கண்ணான என் மகனுக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கமாக ஒரு வரியில் கேட்டு முடித்துவிடுவேன், இந்தத் தடவை முழுக் கடிதமும் அதைக் கேட்கத்தான். சித்தி வந்து இரண்டு நாள் இருந்து, என் சமையலில் குறை சொல்லிவிட்டு, மிச்சத்தை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அப்பா புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறார், அதைப் போட்டதிலிருந்து வீட்டில் தெரிகிற தூசி எல்லாம் என் குற்றம். தையல் வேலைக்குக் குறைவில்லை, கழுத்து வலிக்கும் குறைவில்லை.

சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கும் ஓவியக் குழுவில் சேர்ந்தேன் என்று போனில் சொன்னேனே, நீகூடச் சரி சரி என்றாயே, அங்கேதான் ஒன்று நடந்துவிட்டது. ரிடையரான டிராயிங் டீச்சர் ஒருவர் நடத்துவது அது. வரைய ஆசை இருந்தும் கற்றுக்கொள்ள வழியில்லாமல் போனவர்கள், பெரிய கண்காட்சிக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்காதவர்கள், இவர்களுக்காகத்தான் அந்த இடம். பஸ் ஓட்டுகிற ஒருவர் வருகிறார், சக்கர நாற்காலியில் ஒரு பெண் வருகிறாள், வாயும் கையும் ஒரே வேகம் அவளுக்கு. அங்கே ஒரு வழக்கம், புதிதாக வந்தவர் தன் படத்தைத் தானே மாட்டக்கூடாது. அவர் கொண்டுவந்த கட்டைப் பிரித்து மற்றவர்கள்தான் எடுத்து மாட்டுவார்கள். நம்மை மாதிரி ஆட்கள் நல்லதை ஒளித்து வைத்துவிட்டு நாலு பூவையும் கிளியையும் நீட்டுவோமாம். நான் கொண்டுபோனதும் பூவும் கிளியும்தான். அதைச் சுற்றுவதற்கு அவசரத்தில் அலமாரிக்குப் பின்னாலிருந்து துணி வெட்டும் பிரவுன் தாள் ஒன்றை உருவிக்கொண்டு போனேன். அவர்கள் கிளியை எல்லாம் மேசையில் ஒதுக்கிவிட்டு அந்தத் தாளை விரித்து மாட்டிவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் நீ.

நீ காலேஜை விட்டுவிட்டு வந்து அறையிலேயே படுத்துக்கிடந்தாயே, அந்த வருஷத்துப் படம். உறவுக்காரர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்தோம், சித்தி இன்றைக்கும் அதை நம்பிக்கொண்டு உனக்கு எண்ணெய் ஆகாது என்கிறாள். அப்போது கதவை முழுசாகச் சாத்தவிடாமல், தையல் மெஷினை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சு விடுகிறாயா என்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்கப் பயம் கூடும். கையில் துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டி இருக்கும், பயம் தாங்காமல் அது தானாகவே துணி வெட்டும் தாளில் கோடு போட ஆரம்பித்தது. நான் வரையக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். இதை உன்னிடம் சொன்னதில்லை, சொல்லும்படியான விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாயாடிப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு பஸ்காரர், இது எங்க வீட்லயும் நடந்துச்சும்மா, நாங்களும் வெளிய யார்கிட்டயும் சொல்லல, என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அடுத்த மாதம் நூலக மண்டபத்தில் நடக்கும் கண்காட்சியில் இதைத்தான் நடுவில் வைக்க வேண்டும் என்கிறார் டீச்சர். ஆனால் படத்தில் இருப்பவர் சம்மதிக்காமல் மாட்ட மாட்டார்களாம், மகன் வாயால சொல்லட்டும்மா, அதுவரைக்கும் யார் கண்ணுலயும் பட வேணாம் என்று படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். படத்தில் நீயும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறாய். அப்பாவிடம் சொன்னதற்கு, அவன் இப்ப நல்லா இருக்கான், பழசக் கிளறாத, என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் சொல்வதை நம்பத்தான் ஆசை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து நீ போனில் பேசியதை எல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உன் முகத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று? போனில் கேமரா சரியில்லை என்கிறாய். எல்லாம் நல்லாருக்கும்மா, தூக்கம்தான் வருது என்கிறாய், அன்றைக்கும் இதே வார்த்தைதான் சொன்னாய், குரல்கூட இதே குரல்தான். முன்பெல்லாம் போனை எடுத்தால் உன் மேலதிகாரியைத் திட்டுவாய், அறையில் கூட இருப்பவனின் குறட்டையைப் பற்றி அரை மணி நேரம் புலம்புவாய், நான் எப்போதடா வைப்பான் என்று அடுப்பை எட்டிப் பார்ப்பேன். இப்போது எதைப் பற்றியும் உனக்குக் குறையே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் புத்தி பேதலித்துப்போய் இப்படியெல்லாம் நினைக்கிறேன் என்றால், அப்படியே இருக்கட்டும், என்னைக் கேலி செய். இல்லை என்றால் மறைக்காதே. அன்றைக்கு ஒரு டாக்டர் உன்னை எழுப்பி உட்கார வைத்தார், நீ வேலை பார்க்கும் அந்த ஊரிலும் டாக்டர் இருப்பார்.

படத்துக்கு நீ சரி என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. வேண்டாம் என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து உன் கண்ணெதிரே கிழித்துப் போடுகிறேன், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னைக் கேக்காம எப்படிம்மா வரஞ்சேன்னு கத்து, சண்டை போடு, நான் தாங்குவேன். உன் இஷ்டம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பதிலை மட்டும் என்னால் கேட்க முடியாது கண்ணா, கேட்டால் தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஊர் தெரியாவிட்டாலும் பாஷை தெரியாவிட்டாலும் உன் வாசலில் வந்து நிற்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஜன்னல் திரையை விலக்கி வை. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் திட்டுவதற்காகவாவது கூப்பிடு, முகம் தெரிகிற மாதிரி.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா