பூவாற்றில் இன்னும் ஒரு மாதம்

செவ்வாய். காலையில் தூறல்.

எங்கள் கரமனைத் தெருவில் பேச்சு: மகன் என்னை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டானாம். தவறு. வீட்டில் தரையைப் பெயர்க்கிறார்கள். சிமெண்ட் தூசியில் இருமல். கடலோரப் பூவாற்றில் வாடகைக்கு அறை பார்க்கச் சொன்னதே நான்தான்.

படகு, கூட்டம், ஐஸ்கிரீம் எல்லாம் அக்கரையில், தீவுக் கடற்கரையில். இந்தச் சந்தில் தென்னையும் கோழிகளும் மட்டும். நேற்று இரவு இருமாமல் தூங்கினேன். எத்தனை நாளாயிற்று!

வீட்டுக்காரி ஸ்டெல்லா. படுக்கை விரிப்பின் மூலை மடிக்கத் தெரியவில்லை. மடித்துக் காட்டினேன். எனக்கென்று புதுப் பாத்திரங்கள், மீன் சமைக்காத தனி அடுப்பு. நான் கேட்காமலே.

புதன். ஏகாதசி. நல்ல வெயில்.

உபவாசம். ஸ்டெல்லாவிடம் சொல்லத் தோன்றவில்லை. கரமனையில் யாருக்கும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. மதியம் தட்டை எடுக்க வந்தாள்.

"அம்மா சோறு தொடவே இல்லையல்லோ? எம்மேல கோவமா?"

"வேண்டாம். அவ்வளவுதான்."

பயந்துபோய் என் மகனுக்குப் போன் செய்துவிட்டாள். மாலையில் அவன் போனில்:

"அம்மா, ஆகாரமே வேண்டாம்ங்கறயாமே? ஞாயித்துக்கிழமை வந்து அழைச்சுண்டு போறேன்."

"இன்னிக்கு ஏகாதசிடா!"

"ஐயோ, ஓர்மையே இல்லை. இருந்தாலும் தெருவிலே எல்லாரும் கேக்கறா அம்மா. மானக்கேடா இருக்கு. இன்னும் இருக்கணுமா? பாக்கலாம்."

திரும்பிப் போக மனமில்லை. அதை அவனிடம் சொல்ல வரவில்லை.

வியாழன். காற்று.

ஸ்டெல்லாவிடம் விளக்கினேன். "நாங்க நோம்பு இருந்தா ஊருக்கே தெரியும். அம்மா மட்டும் ரகசியமா இருந்தா நான் எந்து செய்யும்?" நியாயம். துவாதசிக்கு அகத்திக்கீரை வேண்டும் என்றதும் அடுத்த வீட்டு வேலியில் பறித்து வந்தாள். உப்பு ஒரு கல் கூடுதல். சொல்லவில்லை. தட்டைக் காலி செய்தேன்.

பிறகு அவளோடு படகில் அக்கரைக்கு. சேலைக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. மறுத்தேன். படகுக்காரர்: "கலெக்டர் வந்தாலும் போடணும் அம்மா." போட்டேன். ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். நானும். கால் நனைத்தேன். என் கணவர் போனபின் கடலில் இறங்கியது இதுவே முதல்.

மாலை அவள் வீட்டில் ஜெபமாலை. கான்வென்டில் படித்தபோது கேட்டது, பாதி இன்னும் மனப்பாடம்.

வெள்ளி. மழை.

மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது, அப்படியே:

'தரை வேலை முடிந்தாலும் இன்னும் ஒரு மாதம் இங்கே இருக்க விரும்புகிறேன். இங்கே நன்றாக இருக்கிறேன். தெருவில் கேட்பவர்களை என்னிடம் பேசச் சொல். ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிடு, தனியாகத் திரும்பிப் போ. போனில் "பாக்கலாம்" என்று சொல்லாதே. சம்மதமா இல்லையா, எழுதி அனுப்பு.'