எறும்புத்தின்னிக்குப் போட்ட வெடி

புரட்டாசி 12, வியாழன்

எங்கள் பட்டாசு ஆலையில் சாம்பிள் வெடித்துப் பார்க்கும் பொட்டலில் காலையில் ஓர் எறும்புத்தின்னி நின்றது. ராத்திரி முழுக்க வேலியோரக் கரையான் புற்றைத் தோண்டியிருக்கிறது. விடிந்ததும் வளைக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. எங்களைக் கண்டதும் பந்தாகச் சுருண்டுகொண்டது.

காட்டுப்பன்றி வந்தால் ஒரு வெடி போடுவோம், ஓடிவிடும். அந்தப் பழக்கத்தில் ஒன்றைப் பற்றவைத்து எறிந்தேன். அது அசையவில்லை. காது கேட்கவில்லை போலும் என்று அடுத்ததை நெருக்கத்தில் போட்டேன். செதில்கள் இன்னும் இறுகின. ஆட்கள் சிரித்தார்கள். போர்மேனாக இருந்துகொண்டு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மூன்றாவதையும் போட்டேன்.

திரி வைக்கும் மாரியம்மா ஓடிவந்தாள். "அண்ணே, போதும்ணே! பயந்தா ஓடுற சீவன் இல்ல அது. பயந்தாத்தான் சுருளும். உள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

குனிந்து பார்த்தேன். சுருளின் நடுவே ஒரு குட்டியின் வெளிறிய மூக்கு தெரிந்தது. மூன்று வெடிக்கும் அது இறுகியது குட்டியை மூடத்தான்.

அதன்பின் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை, நானும் போகவில்லை. சாயங்காலம் வேன் ஏறும்போது மாரியம்மாவிடம் கேட்டேன்.

"இப்பத்தான் பொழுது சாயப் போயிருச்சுண்ணே. குட்டிய வாலுல ஏத்திக்கிட்டுப் போச்சு. நான் தூரத்துல இருந்து பாத்தேன். எம்புட்டு அழகுங்கிறீக!"

என்னைக் குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ குட்டி வாலைப் பிடித்திருந்த விதத்தைக் கையால் செய்துகாட்டினாள்.

வீட்டில் மகளிடம், குட்டி தாயின் வாலில் ஏறிப் போன கதையைச் சொன்னேன். வெடியைச் சொல்லவில்லை.

"நீங்க பாத்தீகளாப்பா?" என்றாள்.

பார்த்தேன் என்றேன்.