கஸ்பாருக்கு வாங்கிய இரும்புச் சட்டை

விவேக் நகர், பெங்களூர்
18-9-1996, புதன்

அன்பு மகன் டிரேவருக்கு அம்மா எழுதுவது. குழந்தை இயேசுவின் தயவில் அப்பாவும் நானும் இங்கே சுகம், உன் கப்பல் இப்போது எந்தத் தண்ணீரில் நிற்கிறதோ அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வியாழன்தோறும் நவநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். மொம்பாசாவிலிருந்து போட்ட கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அப்பா பம்பாயில் உன் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு எஸ்டிடி போட்டுக் கேட்டால், கப்பல் நன்றாகத்தான் இருக்கிறது, வழியில் தாமதம் என்று அதே பதிலைச் சொல்கிறார்கள். பீன்யா ஃபேக்டரியில் அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது, முட்டிவலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் கேட்பதில்லை, அது உனக்குத் தெரிந்த கதைதான்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், திட்டாமல் படி. நான் வரும்வரை சாகவிடாமல் பார்த்துக்கொள் அம்மா என்று உன் கஸ்பாரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாயே, அவன் இப்போது சாகக் கிடக்கிறான், காரணம் நான்தான். உன் நண்பர்கள் மூன்று பேரும் ஞாயிறன்று நான் பூசை முடிந்து வந்ததும் தவறாமல் வந்து நம் சாப்பாட்டு மேஜையில், ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையாக ஆடுகிற அந்த ஆட்டத்தை விரித்துவிடுகிறார்கள். சீனு கதை சொல்லி நடத்துகிறான், நாகேஷுக்கு ஒரு குள்ள வீரன், வீணாவுக்குக் காயம் ஆற்றுகிற கன்னியாஸ்திரி மாதிரி ஒருத்தி, எனக்கு நீ காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுப் போன உன் கஸ்பார். அவனை எதற்குப் பாதி வாள்வீரன் பாதி மந்திரவாதியாகச் செய்தாய் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜெயிக்கிற புள்ளியை எல்லாம் வாளுக்குப் பாதி, மந்திரத்துக்குப் பாதி என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. நாகேஷின் குள்ளன் விறுவிறுவென்று மேலே போகிறான், நம் பிள்ளை இரண்டிலும் பின்னால் நிற்கிறான், உயிரும் அவனுக்குக் கொஞ்சம்தான். அப்பாவிடம் சொன்னால், "அவன் செஞ்சது அவன மாதிரிதானே இருக்கும், டிப்ளமாவும் படிப்பேன், சர்ச்ல கிட்டாரும் வாசிப்பேன்னு திரிஞ்சவன்" என்று சிரிக்கிறார்.

போன மாதம் ஆட்டத்தில் ஒரு குகையில் தங்கம் கிடைத்தது. சந்தையில் என்ன வாங்குகிறீர்கள் என்று சீனு கேட்டான். கஸ்பார் வெறும் பருத்திச் சட்டையோடு எல்லாருக்கும் முன்னால் போய் நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் கழுத்திலிருந்து முட்டிவரை இரும்புச் சட்டை ஒன்றை வாங்கிவிட்டேன். "வேணாம் ஆன்ட்டி, மந்திரம் போடுறவனுக்கு அது ஆவாது" என்று சீனு சொல்லத்தான் செய்தான். "நீ சும்மா இருப்பா, என் பிள்ளை உடம்பு எனக்குத் தெரியும்" என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது நான் கஸ்பாரை நினைக்கவில்லை, எஞ்சின் ரூமில் பனியனோடு நிற்கிற உன்னைத்தான் நினைத்தேன்.

போன ஞாயிறு சுரங்கத்தில் பூதக்கூட்டம் ஒன்று வழிமறித்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூங்கவைக்கிற மந்திரம் கஸ்பாரிடம்தான் இருக்கிறது, அதை நம்பித்தான் மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வருவேன் என்று நினைத்திருந்தார்களாம், எனக்கு எங்கே தெரியும். நான் பெருமையாக மந்திரம் என்றேன். இரும்புக்குள் கை மடங்காது, மந்திரம் வராது, அதுதான் விதி என்றான் சீனு. வீணாவின் ஆள் அடிபட்டு விழுந்தாள், கஸ்பாருக்கு மூச்சு மட்டும் மிச்சம். "இன்னா ஆன்ட்டி இப்டி பண்ட்டீங்க" என்றான் நாகேஷ். வீணா நான் வைத்த கேக்கைத் தொடாமல் எழுந்து போனாள்.

இப்போது கஸ்பார், குள்ளன், வீணாவின் ஆள் மூன்று பேரும் சுரங்கத்தில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறார்கள், பூதங்கள் தேடி வருகின்றன. சட்டையைக் கழற்றினால் மந்திரம் போடலாம், எல்லாரும் பிழைக்கலாம், ஆனால் அதற்குள் ஒரு அடி பட்டால் கஸ்பார் போய்விடுவான். கழற்றாவிட்டால் அவன் தப்பலாம், அடிபட்டுக் கிடக்கிற வீணாவின் பெண் பிழைக்க மாட்டாள். உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்றால் எங்கே கேட்பேன்? இந்தக் கடிதம் துறைமுகத்தில் ஏஜென்ட் கைக்குப் போய் உன்னிடம் வருவதற்குள் எத்தனை ஞாயிறு போய்விடுமோ. என் மகன் வரும்வரை நிறுத்திவையப்பா என்று சீனுவிடம் கெஞ்சியும் பார்த்தேன். "நிறுத்துனா அப்புறம் யாரும் வரமாட்டாங்க ஆன்ட்டி" என்றான். அவர்களும் வராமல் போய், ஞாயிற்றுக்கிழமையும் இந்த வீடு சத்தமில்லாமல் கிடந்தால் என்னால் தாங்க முடியாது. காகிதத்தில் இருக்கிறவனுக்காகவா அழுகிறாய் என்று பக்கத்து வீட்டு டோரீன் கேட்கிறாள்.

நீயாக இருந்தால் கழற்றியிருப்பாய் என்கிறார் அப்பா. அது எனக்கும் தெரியும், அதனால்தான் பயமாக இருக்கிறது. வருகிற ஞாயிறு கழற்றச் சொல்லப்போகிறேன். பகடையை மட்டும் அப்பா உருட்டட்டும், என் கையால் ஆகாது.

வெறும் வயிற்றோடு டூட்டிக்குப் போகாதே, ஈரத் துணியை மேலே போட்டுக்கொண்டு நிற்காதே. ஆரோக்கிய அன்னை உன் பக்கத்திலேயே இருக்கட்டும், அப்பாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பதாக எழுதச் சொன்னார். கரையில் இறங்கியதும் டோரீன் வீட்டு நம்பருக்கு ஃபோன் செய், எந்நேரமானாலும் வந்து எழுப்புவாள். கஸ்பார் இருக்கிறானா என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. நீ இருக்கிறாய் என்று முதலில் சொல்.

உன் அம்மா
பிரிஜெட்