நான் தட்டாத கண்ணாடி

என் முன்கோபக்கார அப்பாவுக்கு,

அதே ஆஸ்பத்திரி, அதே இரண்டாவது மாடி, ஐ.சி.யூ.வுக்கு வெளியே அதே நீல நாற்காலி. மறுபடியும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருஷம் முடிந்து திதியும் கொடுத்தாயிற்று. இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று சொன்னவள்தான் நான். என்ன செய்ய, உன் மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார்.

பதறாதே, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று நாளைக்கு முன்னால் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, ஒரகடம் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி ஒதுக்கியதில் கீழே விழுந்துவிட்டார். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. விலா எலும்பு நாலு முறிந்து நுரையீரலில் குத்தியிருந்தது. மூச்சுக்குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். தேறிக்கொண்டு வருகிறார் என்று ஆறாம் நாள் டாக்டர் சொன்னார். எட்டாம் நாள் காய்ச்சல் ஏறியது. சளியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்த அன்று, டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் அல்லவா?

“வழக்கமா போடுற மருந்து எதுக்கும் கேக்காத கிருமிம்மா. ஐ.சி.யூ.ல இருக்கிறவங்களுக்குத்தான் அதிகமா வரும். பழைய ஊசி ஒண்ணு இருக்கு, போடலாம். ஆனா கிட்னியைப் பாதிக்கலாம். கையெழுத்து போடுறீங்களா?”

உனக்கும் இதே வார்த்தைகள்தான் சொன்னார்கள். போட்டால் கிட்னி, போடாவிட்டால் ஆள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போட்டேன். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று கேட்டேன். மெஷினோடு இப்போது தூக்கமுடியாது என்றார்கள். சேரப்பணஞ்சேரி வீட்டுக்குப் போனால் பாப்பா வாசலிலேயே நிற்கிறாள், “அப்பா எப்போ வரும்?” என்று. அம்மாவோ உன் படத்துக்கு முன்னால் நின்று உன்னைத்தான் திட்டுகிறாள். நீ தனியாக இருக்கமுடியாமல் மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறாயாம். அங்கேயும் மூச்சு முட்டுகிறது, இங்கேயும் முட்டுகிறது. அதனால் இந்த நாற்காலியிலேயே கிடக்கிறேன்.

இனி இத்தனை நாளாகச் சொல்லாததைச் சொல்கிறேன். நீ திட்டினாலும் பரவாயில்லை.

நான் வேலை செய்கிற இடம் உனக்குத் தெரியும். கார் கம்பெனி வேனில் எங்களை ஏற்றி இறக்கியவனே நீதான். இரண்டு நிமிஷம் தாமதமாக ஓடிவந்தால் பெற்ற மகள் என்றும் பார்க்கமாட்டாய். “இன்னாடி, ஆடி அசைஞ்சு வர்றே? லைன் உனக்கோசரம் நின்னுகினு இருக்குமா?” என்று வேனே அதிரக் கத்துவாய். ஆனால் லைன் எனக்காக நிற்கும், அப்பா. என் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். டேஷ்போர்டில் தலைமுடி அளவு கீறல் தெரிந்தாலும் அதை இழுக்கவேண்டியது என் வேலை. இழுத்தால் மொத்த லைனும் நிற்கும். சூப்பர்வைசர் ஓடிவருவார், ஆனால் திட்டமாட்டார். ஏழு வருஷமாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கால் புண் முற்றி நீ உள்ளே படுத்திருந்த ஐந்தாம் நாள். காலை பதினோரு மணி, பார்வை நேரம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். சிஸ்டர் பக்கத்துக் கட்டில் பெரியவருக்குச் சளி உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். உன் மானிட்டர் கத்தியது. அதே கையுறையோடு திரும்பி, உன் கழுத்தில் போட்டிருந்த ஊசிக்குழாயைச் சரிசெய்தார். நான் பார்த்தேன். கீறல் பார்க்கிற கண்ணுக்கு இது தப்புமா? கண்ணாடியைத் தட்டக் கை எழுந்தது. தட்டவில்லை.

ஏன் தட்டவில்லை? படித்தவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று ஓர் எண்ணம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இவர்களிடம் முறைத்துக்கொண்டால் உன்னைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று. உன்னை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கையையே குறை சொல்வதா? டேஷ்போர்டுக்காகக் கயிறு இழுக்கிறவள் உனக்காக ஒரு விரலை மடக்கவில்லை. நாலு நாள் கழித்து உன் ரிப்போர்ட் வந்தது.

அந்தக் கையால்தான் வந்ததா என்று பிறகு ஒருநாள் டாக்டரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். “எங்கேருந்து வந்துச்சுன்னு யாராலும் உறுதியா சொல்லமுடியாதும்மா” என்றார். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நேற்று நடந்ததைக் கேள். உன் மாப்பிள்ளையை இப்போது ஓரத்துக் கட்டிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். அடுத்த கட்டிலில் ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தவள். நிமோனியா, அவளுக்கும் மெஷின்தான். அவள் அம்மாவும் நானும் மூன்று நாளாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கேன்டீன் இட்லியை ஒரே தட்டில் வைத்துத் தின்போம்.

சிஸ்டர் உன் மாப்பிள்ளைக்குச் சளி எடுத்துக்கொண்டிருந்தார். குன்றத்தூரிலிருந்து வருகிறவர், நேற்று ஐந்து கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான். அப்போது பக்கத்துக் கட்டில் பெண் இருமித் துடித்தாள். சிஸ்டர் பதறிப்போய், அதே கையுறையோடு அவள் பக்கம் ஓடினார். இந்தத் தடவை கிருமி என் வீட்டு ஆளிடமிருந்து போகிறது, அப்பா. நான் சும்மா இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வாயைத் திறந்தால்தான் வம்பு.

கை எப்படிப் போனதென்றே தெரியவில்லை. கண்ணாடியைப் படபடவென்று அடித்தேன். “சிஸ்டர், கை! கையுறையை மாத்துங்க!” என்று கத்தினேன். அந்தப் பெண்ணின் குழாயைத் தொடப்போனவர் அப்படியே நின்றார். கையுறையைக் கழற்றி எறிந்தார், மருந்து ஊற்றிக் கையைத் தேய்த்தார், புதிதை மாட்டிக்கொண்டு அவளைக் கவனித்தார். எல்லாம் முடித்த பிறகு வெளியே வந்தார்.

“இன்னா கத்து கத்துறீங்க? உள்ளே இருக்கிறவங்க பயந்துற மாட்டாங்களா? காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட போவல நானு” என்றார். கண் கலங்கியிருந்தது. சாயங்காலம் செக்யூரிட்டி என்னைக் கண்ணாடிப் பக்கமே விடவில்லை.

கள்ளக்குறிச்சி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ உன் வூட்டுக்காரருக்குத்தான் அந்தக் கிருமியா? மூணு நாளா ஒரே தட்டுல துன்னுகிட்டிருந்தோமே, ஒரு வார்த்தை சொன்னியா நீ?” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடி நாற்காலிக்குப் போய்விட்டார். உன் மகளுக்காகத்தானே கத்தினேன் என்று கேட்க வாய் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் நானாக இருந்தாலும் எழுந்துதான் போயிருப்பேன்.

இன்று காலை டாக்டர் வந்தார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம், சிறுநீர் குறைந்திருக்கிறதாம். நல்லதையும் கெட்டதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினோரு மணிக்கு விட்டார்கள், கண்ணாடியருகே போனேன். நேற்றைய சிஸ்டர்தான் இருந்தார். உன் மாப்பிள்ளைக்குச் சளி எடுத்து முடித்ததும் கையுறையைக் கழற்றினார், மருந்து ஊற்றித் தேய்த்தார். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, கம்பெனி கேட்டில் சோதனைக்குக் காட்டுவோமே, அப்படி இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பி என்னிடம் காட்டினார். சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போவதற்கு முன்னாலும் காட்டினார். அதற்கடுத்த கட்டிலுக்கும் காட்டினார்.

மற்றவர்கள் அதைப் பார்த்து நிம்மதிப்பட்டிருப்பார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவ்வளவுதானா, அப்பா? தட்டினால் நின்றுவிடக்கூடிய கையா அது?

உன் மாப்பிள்ளை எழுந்து வருவாரா, எனக்குத் தெரியாது. அவர் உள்ளே இருக்கிறவரை இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். யார் வீட்டுக் கட்டிலாக இருந்தாலும், யார் என்ன சொன்னாலும் தட்டுவேன். உனக்காகத் தட்டாத இதே கையால் தட்டுவேன்.

உனக்காக லைனை நிறுத்தாத உன் மூத்த மகள்,
தேவி