பக்கத்துக் கடை விலை

டாக்டர்,

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினேன். "அங்கிள், இப்ப யாரு இதெல்லாம் வாங்குறா? மார்க்கர் எடுத்துக்குங்கலா" என்றாள் கடைக்காரப் பெண். பெட்டியைத் திறந்ததும் தூள் மூக்கில் ஏறி ஒரு தும்மல். தும்மி முடிப்பதற்குள் நீங்கள் என் கண்முன் வந்துவிட்டீர்கள், வெள்ளைக் கோட்டின் கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு.

சேதி தெரியுமா? மருந்து விலையை எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது! கிளினிக்குக்கும் உண்டு, என்னைப் போன்ற மருந்துக்கடைக்கும் உண்டு. எதைச் செய்ததற்காக உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்களோ, அதை இப்போது செய்யாவிட்டால் வம்பு. இதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் நோயைப் பார்க்கிற டாக்டரே மருந்தும் கொடுப்பார். பில் வந்த பிறகுதான் விலை தெரியும். கிள்ளானில் உங்களிடம் வந்தவர்களில் பலர் முன்கூட்டியே, "பாதி மருந்து போதும் டாக்டர்" என்பார்கள். மாத்திரை பிடிக்காமல்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். "நம்ம ஆளுங்களுக்கு மருந்துன்னாலே அலர்ஜி பாஸ்" என்று, பக்கத்துக் கடைக்காரனான என்னிடம் குறைப்பட்டும் கொள்வீர்கள்.

உண்மையை உடைத்தவர் பக்கத்துப் பண்டமாரானில் உள்ள கோயிலின் கமிட்டித் தலைவர். ரத்த அழுத்த மாத்திரை பாதியில் தீர்ந்துபோய், தலைசுற்றி விழுந்து எழுந்தவர், நேராக என் கடைக்கு வந்து அதே மாத்திரையின் விலையைக் கேட்டார். டாக்டரிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

"அது என்ன மீன் கடையா? டாக்டர்கிட்ட போய் எவ்ளோன்னு எப்படிக் கேக்குறது? அதான் பில்லுக்குப் பயந்து பாதி போதும்னேன். கேட்டா மானம் போயிடும்லா!"

மீன் பாசாரில் ஒரு நண்டுக்காக ஊரே திரும்பிப் பார்க்கப் பேரம் பேசுகிறவர் அவர்.

அன்று மதியம் உங்களிடம் சொன்னேன். தேநீரைக் கீழே வைத்தீர்கள். "அப்ப இத்தனை வருஷமா ஆளுங்கள பாதி மருந்தோடவா அனுப்பிட்டு இருந்தேன்?" உங்கள் கண் கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுவாரம் கிளினிக் வாசலில் கரும்பலகை ஏறியது. அதில் மருந்துகளின் பெயர், எதிரே உங்கள் விலை. அத்தோடு விட்டீர்களா? அதற்கும் பக்கத்தில் இன்னொரு வரிசை: 'பக்கத்துக் கடை விலை'. என் விலை! கேட்காமல் கொள்ளாமல்! நான் கோபத்தோடு வந்து நின்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சாக்பீஸை நீட்டினீர்கள்.

"குறைச்சிட்டீங்களா பாஸ்? அழிச்சிட்டு எழுதுங்க."

ரோஷத்தில் நான் குறைத்தேன். மறுநாள் நீங்கள் குறைத்தீர்கள். தலைவர் பந்தாட்டம் பார்ப்பவர் மாதிரி பலகை முன்னால் நின்று, யார் ஜெயித்தது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். பாதி போதும் என்று அவர் பிறகு சொல்லவே இல்லை.

மற்ற கிளினிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் தன்னை விளம்பரப்படுத்துகிறார் என்று மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் போனது. லைசென்ஸே போகலாம் என்ற நிலை. நீங்கள் விசாரணைக்குப் போன அன்று கடையில் எனக்குக் கை ஓடவில்லை. திரும்பி வந்தவர், ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்தது போலச் சொன்னீர்கள்: "விலைய மறைச்சாத்தான் டாக்டருக்கு மரியாதைன்னா, அந்த மரியாதை எனக்கு வேணாம்னுட்டேன்."

லைசென்ஸ் தப்பியது. பலகையைத் தெருவிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தீர்கள், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினீர்கள். "உள்ள மாட்டினா விளம்பரம் இல்லையாம் பாஸ்!" வாயைத் திறந்து 'ஆ' காட்டிக்கொண்டே நோயாளிகள் உங்கள் தோளுக்கு மேலாக விலை படித்தார்கள். கடைசியாக நீங்கள் கிளினிக்குக்கு வந்த நாள்வரை அது அங்கேயே இருந்தது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்தப் பூட்டிய கதவை என்னால் தினமும் பார்க்க முடியவில்லை. அதனால்தான் கடையைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். எதிரே ஒரு கிளினிக், சின்ன வயது டாக்டர். சட்டப்படி அவரும் விலையைச் சுவரில் ஒட்டியிருந்தார். இன்று சாக்பீஸ் வாங்கிய கையோடு போய் அதைப் பார்த்து எழுதிவந்தேன். இருமல் மருந்து அவரிடம் மலிவு. அதை மட்டும் விட்டுவிடலாமா என்று கை தயங்கியது, பொய் சொல்வானேன்! உங்கள் சிரிப்பு காதில் கேட்டது. ஒரு கரும்பலகையில் என் விலைக்குப் பக்கத்தில் அவர் விலையையும் எழுதிக் கடை வாசலில் மாட்டினேன்.

சாயங்காலம் அவர் சாலையைக் கடந்து விறுவிறுவென்று வந்தார். முகம் சிவந்திருந்தது. புகார், விசாரணை என்று பழையதெல்லாம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது.

"என்ன அங்கிள் இது? யாரைக் கேட்டு என் விலைய இங்க போட்டீங்க?" பலகையை மேலும் கீழும் பார்த்தார். "அதுவும் தப்பா வேற போட்டிருக்கீங்க. இருமல் மருந்த மத்தியானமே குறைச்சிட்டேன்!"

டாக்டர், எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! சட்டைப்பையிலிருந்த சாக்பீஸை எடுத்து நீட்டினேன்.

"அழிச்சிட்டு எழுதுங்க பாஸ்."

எழுதினார். அவர் சட்டைக் கையில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. நான் சொல்லவில்லை, அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். இருமல் மருந்தில் இன்று எனக்குத் தோல்விதான். நாளைக் காலையில் பாருங்கள், விடமாட்டேன்.